ரீசெட் செய்த கணினியிலிருந்து பதினான்கு ஆண்டு மின்னஞ்சல்களை மீட்டது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் வார்ப்படத் தொழிலுக்குப் பேட்டர்ன் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை அது. பம்பு உறை, வால்வு போன்றவற்றை வார்ப்பதற்கான மாதிரிகளை மரத்திலும் அலுமினியத்திலும் செய்து ஃபவுண்டரிகளுக்குத் தருகிறார்கள். உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். அலுவலகம் என்பது ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கணினி. கடிதப் போக்குவரத்தையும் பில்களையும் கவனிக்க ஒரு பெண்மணி இருக்கிறார்.

இந்தத் தொழிலில் மின்னஞ்சல் வெறும் கடிதமல்ல. வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடம் அதில்தான் வருகிறது. வரைபடம் திருத்தப்படும்போதெல்லாம் ரிவிஷன் எண் மாறும். எந்த ரிவிஷனுக்கு எந்தத் தேதியில் ஒப்புதல் வந்தது என்பதற்கு அந்த மின்னஞ்சல் ஒன்றே சாட்சி. பழைய ரிவிஷனைப் பார்த்துப் பேட்டர்ன் செய்துவிட்டால், வார்த்த உருப்படிகள் அத்தனையும் உடைத்து மறுபடி உலைக்குத்தான் போகும்.

2010 முதல் இங்கே தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இணையதளத்தோடு சேர்த்து வாங்கிய இரண்டு முகவரிகள், இரண்டும் பாப்3 முறையில், அதாவது கடிதங்கள் சர்வரிலிருந்து கணினிக்கு இறங்கும் முறையில். சர்வரில் கிடைத்த இடம் ஒரு ஜிபிதான். அதனால் இறக்கிய மின்னஞ்சல்கள் 14 நாள் மட்டும் சர்வரில் இருக்கும்படியும் அதன்பின் நீங்கிவிடும்படியும் அமைத்திருந்தார்கள். ஆகவே, இரண்டு வாரத்துக்கு முந்தைய எந்தக் கடிதத்துக்கும் இந்தக் கணினியைத் தவிர உலகில் வேறு பிரதி கிடையாது. இது அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "மெயில் எல்லாம் இன்டர்நெட்டில்தானே இருக்கிறது" என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நடந்தது

2024-இன் தொடக்கத்தில் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. உரிமையாளரின் அக்காள் மகன், பொறியியல் மாணவர், ஒரு சனிக்கிழமை மாலை விண்டோஸ் 10-இல் உள்ள, விண்டோஸை மறுபடி புதிதாக நிறுவும் ரீசெட் வசதியைப் பயன்படுத்தினார். அது இரண்டு வழிகளைக் காட்டும்: எல்லாவற்றையும் நீக்குவது, அல்லது கோப்புகளை வைத்துக்கொள்வது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். டெஸ்க்டாப்பில் இருந்தவை, டாக்குமென்ட்ஸில் இருந்தவை எல்லாம் அப்படியே இருந்தன. நீக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியலை விண்டோஸே ஒரு கோப்பாக டெஸ்க்டாப்பில் வைத்திருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி நிறுவினார். பட்டியலில் தண்டர்பேர்டும் இருந்தது. பென் டிரைவில் இருந்த பழைய நிறுவியிலிருந்து அதன் 91-ஆம் பதிப்பை நிறுவினார்.

திறந்ததும் புதிதாகக் கணக்குத் தொடங்கச் சொல்லும் திரை வந்தது. முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தார். அண்மைய இரண்டு வார மின்னஞ்சல்கள் வந்து இறங்கின. மற்றவை மெதுவாக வரும் என்று காத்திருந்தார்கள். திங்கள் போனது, செவ்வாய் போனது. வியாழக்கிழமை ஒரு பழைய வாடிக்கையாளர் விலை கேட்டார். சென்ற ஆண்டு கொடுத்த விலைப்புள்ளி கையில் இல்லை. உரிமையாளர் நினைவிலிருந்து ஒரு தொகை சொல்லி அனுப்பிவிட்டார்.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மாணவரிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கணினித் திரையைச் சாய்வாக எடுத்த படம். சி டிரைவின் பட்டை சிவப்பாக நிரம்பியிருந்தது. வட்டைத் துப்புரவு செய்யும் பட்டியலில் 'முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்' என்ற வரிக்கு எதிரே டிக் போடப்பட்டிருந்தது. அளவு 31 ஜிபி. கீழே ஒரு வரி: "அண்ணா, இதை அழித்துவிடலாமா? மெயில் இன்னும் முழுதாக வரவில்லை, இடம் பற்றாமல் இருக்குமோ என்று பார்க்கிறேன்."

உடனே அழைத்தேன். எதையும் அழுத்த வேண்டாம், கணினியை அணைத்துவிட்டு மின் இணைப்பையும் எடுத்துவிடு என்று மட்டும் சொன்னேன். காரணத்தை நேரில் போய்த்தான் விளக்கினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்

தண்டர்பேர்ட் தன் கடிதங்களை டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை. பயனரின் பெயரிலுள்ள கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் புரொஃபைல்ஸ். கடிதம், முகவரிப் புத்தகம், வடிகட்டும் விதிகள், கடவுச்சொற்கள் எல்லாம் அங்கேதான். 'கோப்புகளை வைத்துக்கொள்' என்று நாம் சொல்லும்போது, இந்த ஆப்டேட்டாவை விண்டோஸ் நம் கோப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. மென்பொருளின் அமைப்பாகவே பார்க்கிறது. மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்ப ஆவணங்கள் இதை ஒளிக்கவில்லை. பழைய ஆப்டேட்டா விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறைக்குள் போய்விடும் என்பதையும் அவை சொல்கின்றன. ஆனால் பதினான்கு ஆண்டுக் கடிதங்களை 'என் கோப்புகள்' என்று நினைக்கும் மனிதர் அந்த ஆவணத்தைப் படிக்கப் போவதில்லை.

துப்புரவுப் பட்டியலில் 31 ஜிபி என்று காட்டியது இந்த விண்டோஸ்.ஓல்டைத்தான். கையால் அழிக்காவிட்டாலும், பொதுவாகப் பத்து நாட்களில் விண்டோஸே அதைத் தானாக அழித்துவிடும். அன்று எட்டாம் நாள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கணினியின் சி டிரைவ் ஓர் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளால் ஆன வட்டு. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், அந்த இடத்தில் வேறு எதையும் எழுதும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகள் துழாவி எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அப்படியில்லை. அழித்த இடங்களை டிரிம் என்ற கட்டளை மூலம் விண்டோஸ் தெரிவித்துவிடுகிறது. எஸ்எஸ்டி அவற்றைத் தன் போக்கில் வெறுமையாக்கிவிடுகிறது. அந்த டிக்கோடு பொத்தானை அழுத்தியிருந்தால் என்னால் ஏதும் செய்திருக்க முடியாது. இணையத்தில் விற்கும் மீட்பு மென்பொருள்களுக்குப் பணம் கட்டியும் பயன் இருந்திருக்காது.

எட்டாம் நாள்: முதலில் பிரதி

மதியம் பட்டறைக்குப் போனேன். கணினியை அதன் விண்டோஸில் தொடங்கவே இல்லை. பென் டிரைவில் கொண்டுபோயிருந்த லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் தொடங்கி, சி டிரைவை வாசிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறந்தேன். இப்படிச் செய்ததற்குக் காரணம் பத்து நாள் கெடுதான். விண்டோஸ் ஓடும்போது பின்னணியில் எந்த நேரத்தில் துப்புரவு நடக்கும் என்பதை உட்கார்ந்து காவல் காக்க முடியாது.

விண்டோஸ்.ஓல்டு இருந்தது. அதற்குள் யூசர்ஸ், பழைய பயனர் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட். உரிமையாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புரொஃபைல்ஸுக்குள் இரண்டு கோப்புறைகள். இரண்டின் பெயரும் எட்டு எழுத்துக் கலவையில் தொடங்கின. ஒன்று 'டிஃபால்ட்' என்றும் மற்றது 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்றும் முடிந்தன. முதலாவது ஏறக்குறைய காலி. இரண்டாவது 9.6 ஜிபி. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் அளவையும், பிரெஃப்ஸ்.ஜேஎஸ் என்ற கோப்பு கடைசியாக மாறிய நாளையும் பார்த்தேன். ரீசெட் செய்த அதே சனிக்கிழமை. இதுதான்.

ஒரு கோப்பைத் தட்டச்சு உரையாகத் திறந்து அவரிடம் காட்டினேன். தண்டர்பேர்ட் எம்பாக்ஸ் என்ற எளிய வடிவத்தில் கடிதங்களைச் சேமிக்கிறது: ஒரு கோப்புறைக்கு ஒரே நீண்ட கோப்பு, கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. பின் அட்டை இல்லாத நோட்டுப் புத்தகம் போல வளர்ந்துகொண்டே போகும். முதல் வரிகளில் 2010-ஆம் ஆண்டுத் தேதியும், இப்போது தொழிலில் இல்லாத ஒரு ஃபவுண்டரியின் பெயரும் தெரிந்தன. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இது போதும்" என்றார். போதாது என்று எனக்குத் தெரியும். கோப்பு இருப்பது வேறு, கடிதங்கள் அத்தனையும் சரியாகத் திறப்பது வேறு.

முழுத் தண்டர்பேர்ட் கோப்புறையையும் இரண்டு வெளி வட்டுகளுக்குப் படியெடுத்தேன். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒரு வட்டு உரிமையாளர் கையில், ஒன்று என்னிடம். அன்று வேறு எதுவும் செய்யவில்லை. அன்றே கணினியைச் சரிசெய்து தந்துவிடும்படி அவர் கேட்டார். திங்கள்கிழமை அலுவலகம் ஓட வேண்டுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் மூலத்தின் மீது சோதனை செய்வதில்லை என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திங்கள், செவ்வாய்க்குக் கடிதங்களை இணைய உலாவியில் பார்த்துக்கொள்ள வழி செய்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள்: சோதனை

என் மடிக்கணினியில் பிரதியின் பிரதியை வைத்துத் திறந்தேன். அதற்கு முன் இரண்டு முடிவுகள்.

முதலாவது, பதிப்பு. புரொஃபைலுக்குள், அதாவது கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் அந்தக் கோப்புறைக்குள், எந்தப் பதிப்பு கடைசியாக அதைத் திறந்தது என்ற குறிப்பு ஒரு சிறு கோப்பில் இருக்கும். அங்கே 115 என்று இருந்தது. மாணவர் நிறுவியிருந்ததோ 91. புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பால் திறக்க முயன்றால், தண்டர்பேர்ட் மறுத்துவிடும். புதிய புரொஃபைல் உருவாக்கு அல்லது வெளியேறு என்று மட்டுமே கேட்கும். இந்த இடத்தில்தான் பலர் கடிதங்கள் கெட்டுப்போயின என்று முடிவுகட்டுகிறார்கள். தடையை மீறித் திறக்க ஒரு கட்டளை உண்டு. நான் அதைப் பயன்படுத்தவில்லை. 115-ஐ நிறுவினால் முடிகிற காரியத்துக்கு எதற்கு அந்த ஆபத்து?

இரண்டாவது, வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்தேன். பாப்3 கணக்கு திறந்ததும் சர்வரோடு பேசத் தொடங்கும். 14 நாள் விதியும் அதோடு செயல்படும். என் மடிக்கணினியில் நடக்கும் ஒரு சோதனை, சர்வரில் இருக்கும் கடைசிக் கடிதங்களை நீக்கிவிடக் கூடாது.

திறந்தது. முதல் முகவரியின் கடிதங்கள் முழுதாக வந்தன. இரண்டாவது முகவரி, கணக்கு வழக்குக்கானது, காலியாக இருந்தது.

எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை அளக்க அந்த அலுவலகப் பெண்மணியின் விலைப்புள்ளி நோட்டு உதவியது. எண், தேதி, வாடிக்கையாளர் என்று ஆண்டு வாரியாகக் கையால் எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து இருபது எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டதுபோல் எடுத்துத் தேடினேன். பதினான்கு கிடைத்தன. கிடைக்காத ஆறும் இரண்டாவது முகவரியிலிருந்து போனவை.

அப்போதுதான் பிரெஃப்ஸ்.ஜேஎஸ் கோப்பைத் திறந்து படித்தேன். ஒவ்வொரு கணக்கின் கடிதங்களும் எங்கே இருக்கின்றன என்பதை அந்தக் கோப்பு சொல்லும். இரண்டாவது கணக்குக்கு எதிரே டி டிரைவில் ஒரு கோப்புறையின் பாதை இருந்தது. பெண்மணியிடம் தொலைபேசியில் கேட்டபோது அவருக்கு நினைவு வந்தது: 2016-இல் சி டிரைவ் நிரம்பியபோது யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் எதையோ மாற்றிவைத்துவிட்டுப் போனார். ரீசெட் டி டிரைவைத் தொடவில்லை. அந்தக் கடிதங்கள் அங்கே பத்திரமாக இருந்தன. என் மடிக்கணினியில் அந்தப் பாதை இல்லாததால்தான் கணக்கு காலியாகத் தெரிந்தது. இந்தக் கோப்பை முதல் நாளே படித்திருந்தால் டி டிரைவின் கோப்புறையையும் அன்றே பிரதி எடுத்திருப்பேன். அது என் பிழை. அந்த இரவு முழுவதும் 4 ஜிபி கடிதங்கள் பிரதி இல்லாமல் ஒரே வட்டில் கிடந்தன.

பத்தாம் நாள்: திரும்ப வைத்தது

முதலில் டி டிரைவின் பிரதி. பிறகு கணினியில் 115-ஐ நிறுவினேன். மாணவர் உருவாக்கிய புதிய புரொஃபைலை அழிக்கவில்லை. எட்டு நாளில் அனுப்பிய கடிதங்கள் அதில் மட்டுமே இருந்தன. மீட்ட புரொஃபைலை அதன் பக்கத்தில் வைத்து, புரொஃபைல் மேலாளர் வழியாக அதைத் தேர்ந்தெடுத்தேன். கடவுச்சொற்கள் இரண்டு கோப்புகளில் இருக்கும், ஒன்றில் பூட்டிய சொற்கள், மற்றதில் சாவி. முழுக் கோப்புறையாக எடுத்ததால் இரண்டும் சேர்ந்தே வந்தன. கடிதங்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

ரீசெட்டுக்குப் பின் வந்த கடிதங்களை எப்படிச் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. இதில் பாப்ஸ்டேட் என்ற சிறு கோப்பு கைகொடுத்தது. எந்தக் கடிதங்களை ஏற்கெனவே இறக்கியாயிற்று என்பதைத் தண்டர்பேர்ட் அதில் குறித்து வைக்கிறது. பழைய புரொஃபைலின் குறிப்பு ரீசெட் நாளோடு நின்றிருந்தது. அதனால் இணையத்தில் இணைத்ததும், பழையவற்றை விட்டுவிட்டு, அந்தப் பத்து நாள் கடிதங்களை மட்டும் சர்வரிலிருந்து இறக்கியது. ஒன்றுகூட இரட்டிப்பாகவில்லை. மாணவர் புதிய கணக்கிலும் 14 நாள் விதியை விட்டு வைத்திருந்ததால்தான் அவை சர்வரில் இருந்தன. அனுப்பிய கடிதங்களை அந்தப் புரொஃபைலிலிருந்து வேறு பெயரில் ஒரு கோப்பாகக் கொண்டுவந்து, உள்ளே திறந்து, உரிய இடத்துக்கு நகர்த்தினேன்.

ஒரு கோப்புறையில் மட்டும் தலைப்பும் உள்ளடக்கமும் பொருந்தாமல் இருந்தன. கடிதம் கெடவில்லை, அதன் அட்டவணைக் கோப்புதான் கெட்டிருந்தது. அந்த ஒரு கோப்புறையை மட்டும் பழுதுநீக்கியிருக்க வேண்டும். நான் எல்லா அட்டவணைக் கோப்புகளையும் மொத்தமாக நீக்கி, தண்டர்பேர்டே மறுபடி உருவாக்கட்டும் என்று விட்டேன். உருவாக்கியது. ஆனால் அந்தப் பெண்மணி ஒவ்வொரு கோப்புறையிலும் தனக்கு வசதியாக அமைத்திருந்த நெடுவரிசைகளும் வரிசை முறையும் போய்விட்டன. ஒரு வாரம் அவருக்கு வேலை தடுமாறியது. தேவையில்லாத அவசரம் அது.

விளைவு

நோட்டிலிருந்து எடுத்த இருபது எண்களும் கிடைத்தன. பிறகு இன்னும் நாற்பது எண்களை அவரே தேடிப் பார்த்தார்; அவையும் கிடைத்தன. முகவரிப் புத்தகமும் வடிகட்டும் விதிகளும் முழுதாக வந்தன.

திரும்பாதது ஒன்று உண்டு. வியாழக்கிழமை நினைவிலிருந்து சொன்ன விலை, முந்தைய விலைப்புள்ளியைவிடக் குறைவு. வாடிக்கையாளர் அதற்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்ற உரிமையாளர் விரும்பவில்லை. அந்த வேலையை அதே விலைக்குச் செய்து கொடுத்தார்.

மாணவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்பதில் எனக்கு நிறைவு. சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி, படம் எடுத்து, கேட்டார். அந்த ஒரு செயல்தான் கடிதங்களைக் காப்பாற்றியது. அதற்குப் பின் நான் செய்தவை எல்லாம் எந்தப் பழுதுபார்ப்பவரும் செய்யக்கூடியவை.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவுட்லுக்கின் 2010-ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் பாப்3 கடிதங்களுக்கான பிஎஸ்டி கோப்பை வழக்கமாக டாக்குமென்ட்ஸுக்குள் வைக்கின்றன. இதே ரீசெட்டில் அது பெரும்பாலும் தப்பிவிடும். 2010-க்கு முந்தைய பதிப்புகள் ஆப்டேட்டாவுக்குள் வைத்தன. எந்த மென்பொருளானாலும், கடிதக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை ரீசெட்டுக்கு முன்பே அந்தந்த மென்பொருளின் கணக்கு அமைப்பில் பார்த்துவிடலாம்.

மாற்றியவையும் மாற்றாதவையும்

ஐமேப் முறைக்கு மாற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும் என்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் 13 ஜிபிக்கு மேலான கடிதங்களை ஒரு ஜிபி இடத்தில் வைக்க முடியாது. கூடுதல் இடத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். தவிர, ஐமேப்பில் ஒரு கடிதத்தை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதைக் காப்புப் பிரதி என்று நம்பி இருக்க முடியாது. அதனால் பாப்3-ஐ அப்படியே விட்டோம். சர்வரில் வைத்திருக்கும் நாட்களை மட்டும் 14-லிருந்து 30 ஆக்கினோம். டி டிரைவில் இருந்த கணக்கை மற்றதோடு ஒரே புரொஃபைலுக்குள் கொண்டுவந்தோம். அந்தப் புரொஃபைலின் பாதையை ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறோம்.

சனிக்கிழமை மாலைதோறும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, முழுப் புரொஃபைலையும் ஒரு வெளி வட்டுக்குப் படியெடுக்க ஒரு சிறு கட்டளைக் கோப்பு எழுதிக் கொடுத்தேன். மூடாமல் எடுத்தால், பாதி எழுதப்பட்ட நிலையில் கோப்புகள் சிக்கும். வட்டுகள் இரண்டு, ஒரு வாரம் ஒன்று என்று மாறி மாறி. பயன்படாத வட்டு உரிமையாளரின் வீட்டில். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறு கணினியில், இணையம் இல்லாமல், திறந்து பார்க்கிறோம்.

அந்தப் பெண்மணி தன் விலைப்புள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு புதிய அட்டவணை போட்டிருக்கிறார். தேதி, வட்டின் எண், புரொஃபைலின் அளவு, எடுத்தவரின் கையொப்பம். அளவு வாரா வாரம் கொஞ்சம் கூட வேண்டும். குறைந்தால் கணினியை அணைத்துவிட்டு என்னை அழைக்க வேண்டும் என்று அதன் மேலே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.